அவன் சொன்னதும் நான் சொன்னதும்

நான் பொய்யாக மொழிபெயர்த்தேன்.

ஒரு மனிதன் தமிழில் உண்மையைச் சொன்னான். அதை ஆங்கிலத்தில் பொய்யாக்கிச் சொன்னவள் நான். அந்தப் பொய்யால் அவன் வேலை போயிற்று, பெயரும் போயிற்று. என் வேலை நிலைத்தது. பிறகு பதவி உயர்வும் வந்தது!

இதுதான் நான் செய்தது. இனி வருவதெல்லாம் விவரம். விவரத்தைப் படித்துவிட்டு என்மேல் இரக்கப்பட வேண்டாம். எனக்கு அது பிடிக்காது.

நான் வேலை செய்யும் இடத்துக்கு நீங்களும் வந்திருப்பீர்கள். சிங்கப்பூரின் வெயிலில் வியர்த்து வழிந்தபடி வரிசையில் நின்று, கண்ணாடிக் கதவு திறந்ததும் முகத்தில் அடிக்கும் குளிரில் "அப்பாடா!" என்றிருப்பீர்கள். கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு முழுத் தோட்டம். மூன்று மாடி உயரத்துக்குச் செடிகள் ஏறிய ஒரு சுவர். குறிப்பிட்ட நேரங்களில் அந்தச் சுவரிலிருந்து பனி போல நீர்ப்புகை கிளம்பும். பிள்ளைகள் கத்துவார்கள். நீங்கள் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடிப்பீர்கள்.

அந்தத் தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் அந்தக் கட்டடத்தின்மேல் கோபப்பட்டுவிட்டு என்னை விட்டுவிடுவீர்கள்.

அங்கே நீங்கள் ஒரு மஞ்சள் இலையைப் பார்த்ததுண்டா? யோசித்துப் பாருங்கள்... பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்க விடமாட்டோம்! தினமும் காலை ஏழு மணிக்குப் பத்துப் பேர் கூடைகளோடு உள்ளே போவார்கள். பழுத்தது, வாடியது, ஓரம் கருகியது எல்லாவற்றையும் கிள்ளி எடுத்துவிடுவார்கள். ஒன்பது மணிக்கு உங்களுக்குக் கதவு திறக்கும்போது அந்தத் தோட்டத்தில் எதற்கும் வயதே ஆகாது. அந்தப் பத்துப் பேருக்கு நான் மேற்பார்வையாளர். அவர்களில் ஒருவன் செல்வராசு.

அறந்தாங்கிப் பக்கத்து ஆள். அப்போது முப்பத்தாறு வயது. சிங்கப்பூருக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. துவாஸ் தங்குவிடுதியிலிருந்து விடியுமுன் லாரியில் வருவான். குளிருக்காக இரண்டு சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வான். மேல்சட்டைப் பையில் ஒரு துண்டுத் துணி இருக்கும். அகன்ற இலைகளைக் கண்டால் நின்று துடைத்துவிட்டுத்தான் நகர்வான். பூச்சி தின்னும் குடுவைச் செடிக்கு அவன் வைத்த பெயர் "சொம்பு". "அக்கா, மூணாவது சொம்பு காஞ்சிருச்சுக்கா" என்று வந்து சொல்வான். கொஞ்ச நாளில் நானும் அறிக்கையில் எழுதும்போது மட்டும்தான் அதன் ஆங்கிலப் பெயரை எழுதினேன். பேச்சில் எல்லோருக்கும் அது சொம்பு ஆகிவிட்டது.

நீங்கள் குளிரில் உலாவும்போது அந்தக் குளிரைச் செய்கிற இயந்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று யோசித்ததுண்டா? பின்பக்கம், சாமான் இறக்கும் இடத்தில். உள்ளே எடுத்த சூட்டையெல்லாம் அங்கேதான் ஊதித் தள்ளும். எங்கள் ஆட்கள் மதியச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதும் அங்கேதான். வேறு இடம் கேட்டு நான் ஒரு மின்னஞ்சல் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அதுவும் என் கணக்கில்தான் சேரும், ஆனால் இன்றைக்கு நான் சொல்ல வந்தது அது இல்லை.

நான் இங்கேயே பிறந்தவள். பாசிர் ரிஸ்ஸில் வீடு. பள்ளியில் தமிழ்ப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள். என் தமிழைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை! அலுவலகத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான். ஊழியர்களுக்கு மருந்தகத்தில் பேச வேண்டுமா, படிவம் நிரப்ப வேண்டுமா, எச்சரிக்கைக் கடிதம் படித்துக் காட்ட வேண்டுமா... "வசந்தாவைக் கூப்பிடு!" அவர்கள் வாய் நான். இவர்கள் காது நான். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் அந்தக் கர்வம் வேறு மாதிரி இருக்கும். ஒருமுறை நாத்தனாரோடு தேக்கா பக்கம் பூ வாங்கப் போயிருந்தேன். ஐந்தாறு பேர் நின்ற கூட்டத்திலிருந்து "அக்கா!" என்று ஒரு குரல். செல்வராசு. இஸ்திரி போட்ட சட்டை, முகமெல்லாம் சிரிப்பு. நான் தலையை லேசாக அசைத்துவிட்டு நடந்தேன். "யார் அது?" என்றாள் நாத்தனார். "வேலை இடத்துல லா... ஊர்க்காரங்க" என்றேன்.

ஊர்க்காரங்க! இந்தியாவிலிருந்து பிழைக்க வந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். என் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினாராம்?

சரி. அந்த நாளுக்கு வருகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஆர்க்கிட் மலர்க் கண்காட்சியின் தொடக்க நாள். பெரிய விருந்தாளி ஒருவர் பத்தேகாலுக்கு நாடா வெட்ட வருகிறார். நான் பட்டுப்புடவை கட்டிப் போயிருந்தேன். ஒன்பதே முக்காலுக்கு மேலாளர் என் அருகில் வந்து விரலை உயர்த்திக் காட்டினார். நாடா கட்டிய இடத்துக்கு நேர் மேலே, செடிச்சுவரில், இரண்டு ஆள் உயரத்தில், ஓர் அந்தூரியம் இலை. உள்ளங்கையைவிடப் பெரிது. பழுத்து மஞ்சளாகத் தொங்கியது. காலைச் சுற்றில் எப்படியோ தப்பியிருக்கிறது.

"படத்தில் விழும்" என்றார் மேலாளர். அவ்வளவுதான் சொன்னார். ஆளை ஏற்று என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொன்னது நான்.

உயரத்தில் ஏறுவதற்கு எங்களிடம் முறை உண்டு. அனுமதித் தாளில் கையெழுத்து வேண்டும். இடுப்பில் பாதுகாப்பு வார் வேண்டும். கீழே இன்னொருவர் நிற்க வேண்டும். நீர்ப்புகை வரும் நேரத்தில் ஏறவே கூடாது, ஏனென்றால் ஏணியின் இரும்புப் படி பாசி படிந்த குளத்துப் படி போல வழுக்கும். இதையெல்லாம் ஊழியர்களுக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

செல்வராசுவைக் கூப்பிட்டேன்.

"பேப்பர் போடலையேக்கா" என்றான்.

"பேப்பர் நான் அப்புறம் போட்டுக்கிறேன். ஒரே ஒரு இலைதான். அஞ்சு நிமிஷம்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "பத்து மணிக்கு மிஸ்ட் வந்துருமேக்கா? ஏணிய எடுத்துட்டு வந்து சுவத்துக்குப் பின்னால போட்டு ஏறி, இடுக்கு வழியாக் கைய விட்டுப் பறிக்கவே நேரம் ஆயிரும்."

"மிஸ்டை நான் ஆஃப் பண்ணிடறேன் லா. நீ போ, சீக்கிரம்!"

"மறந்துராதீங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே போனான்.

மறந்துராதீங்கக்கா... அதையும் சொல்லிவிட்டுத்தான் போனான். கேட்டீர்களா?

நீர்ப்புகையை நிறுத்த என்ன செய்ய வேண்டும் தெரியுமா? என் கைத்தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ஒரே ஒரு பொத்தான்! தொலைபேசியைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் மேலாளர் கையை ஆட்டினார். விருந்தாளி சீக்கிரமே வந்துவிட்டார். முதலில் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாமாம். "வசந்தா, வா வா! முன்னால் வா! புடவை கட்டியிருக்கிறாயே!"

நான் போனேன். தொலைபேசியைக் கைப்பையில் போட்டேன். முடியில் வைத்த மல்லிகை சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் இடது ஓரத்திலிருந்து முன்வரிசைக்கு, விருந்தாளிக்கு இரண்டு பேர் தள்ளி என்னை நிறுத்தினார்கள். என் உடம்பெல்லாம் பூரித்தது. அந்தச் சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. அவ்வளவு அற்பமான சந்தோஷம் அது!

பத்து மணி அடித்ததும் பனி வந்தது.

எங்களுக்குப் பின்னாலிருந்து வெள்ளையாக இறங்கியது. கூட்டம் "ஓ!" என்று கத்தியது. கைதட்டினார்கள். படம் எடுப்பவர் "பிரமாதம், அப்படியே நில்லுங்கள்!" என்றார். நானும் அப்படியே நின்றேன். சிரித்தேன்.

பின்னால் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. தொட்டி விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். யார் பெயரில் அறிக்கை எழுதுவது என்றுகூட நினைத்தேன். பிறகுதான்... பிறகுதான் நினைவு வந்தது.

சுவருக்குப் பின்னால் ஓடினேன். பெரணிகளுக்கு நடுவே கிடந்தான். வலது கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. முகம் வெளுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கையில் அந்த மஞ்சள் இலை.

என்னைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "இலைய எடுத்துட்டேன்க்கா."

குதிகால் எலும்பு நொறுங்கிப்போயிருந்தது. மருத்துவமனை, அறுவைச் சிகிச்சை, கட்டு. செலவை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அது சட்டம், யாருடைய தயவும் இல்லை. நாடா வெட்டும் விழா மட்டும் பதினைந்து நிமிடம் தாமதமாக நடந்தது. அன்று மாலை நான் மருத்துவமனைக்குப் போனபோது அவன் தாழ்ந்த குரலில், "நான் இன்னும் யாருகிட்டயும் ஒண்ணும் பேசலக்கா. நீங்க இருக்கப்பவே பேசிக்கலாம்னு இருக்கேன்" என்றான். என்னை நம்பினான். தன் வாயை என்னிடம் கொடுத்து வைத்திருந்தான்.

பத்து நாள் கழித்து விசாரணை.

சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மேலாளர், பாதுகாப்பு அதிகாரி, மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண். இந்தப் பக்கம் ஊன்றுகோலோடு செல்வராசு. அவன் பக்கத்தில் நான், மொழிபெயர்ப்பாளராக! இதைவிடக் கேவலமான ஏற்பாடு உண்டா? ஆனால் அங்கே யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை. இலையை என்னிடம் காட்டியதைப் பற்றி மேலாளர் வாயே திறக்கவில்லை; சம்பவத்தில் எனக்குப் பங்கு இருக்கும் என்று மற்ற இருவரும் நினைக்கவே இல்லை. "அவனுக்கு உன் மொழிதானே வசதி" என்றார் மேலாளர்.

நான் அப்போதே எழுந்து, "வேறு ஆளைக் கூப்பிடுங்கள், நான் சம்பந்தப்பட்டவள்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம். என் ஆங்கிலம் அதற்குப் போதும்!

ஏன் ஏறினாய் என்று அதிகாரி கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன். செல்வராசு நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"அக்கா சொல்லித்தான் ஏறுனேன். பேப்பர் பெறவு போட்டுக்கலாம்னு சொன்னாங்க. மிஸ்ட ஆஃப் பண்றேன்னாங்க, அந்தக் கூட்டத்துல மறந்துருப்பாங்க. வேணும்னு யாரும் செய்யல. அவங்களுக்கும் மேலருந்து அவசரப்படுத்திருப்பாங்க. வார் போடாம ஏறுனது என் தப்பு, அத ஒத்துக்கிறேன். அக்காவ ஒண்ணும் பண்ணிராதீங்கன்னு சொல்லுங்க."

இதுதான் அவன் சொன்னது. ஒரு சொல்லைக்கூட நான் மறக்கவில்லை. மறப்பதற்கு எவ்வளவோ முயன்றேன்!

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். வீட்டுக் கடன், படிக்கிற மகன் என்றெல்லாம் நினைத்தேன் என்று சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அதெல்லாம் இல்லை. "படம் எடுத்துக்கொண்டிருந்தேன், அதனால் மறந்தேன்" என்று அந்த மூன்று பேர் முன்னால் சொல்ல வேண்டுமே... அந்த வெட்கம்தான். பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆள் விழுந்தான் என்று எப்படிச் சொல்வது? ஒரு மனிதனின் பிழைப்பைவிட என் மானம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அப்படிக் காத்த மானம் என்ன மானம்!

வாயைத் திறந்தேன். ஆங்கிலம் தங்குதடையில்லாமல் வந்தது.

"இலையைப் பார்த்ததும் தானாகவே ஏறினாராம். யாரும் அவரை ஏறச் சொல்லவில்லையாம். நீர்ப்புகை நேரம் மறந்துவிட்டதாம். வார் போடாதது தன் தவறு என்று ஒப்புக்கொள்கிறார். மன்னிப்புக் கேட்கிறார்."

கடைசி இரண்டு வாக்கியத்துக்கு முந்தியதெல்லாம் பொய். மன்னிப்பும் பொய்தான், அவன் எனக்காகக் கேட்டதை அவனுக்காகக் கேட்டதாக மாற்றினேன். நீளம்கூடச் சரியாக இருந்தது. அவன் பேசிய அளவுக்கே நானும் பேசினேன். பொய்யையும் ஒழுங்காகச் செய்தேன்!

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு நேராக அவனைப் பார்த்து, "கரெக்ட்?" என்று கேட்டார்.

செல்வராசு என் பக்கம் திரும்பினான். நான் மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "யெஸ் சார்" என்றான்.

கையெழுத்துப் போட்டான். முடிந்தது.

வேன் வருவதற்காகப் பின்பக்கம் நின்றோம், இயந்திரங்கள் அனல் ஊதுகிற அதே இடத்தில். அவன் ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பையிலிருந்த துணியால் கழுத்தைத் துடைத்தான். நான் அவனுக்கு எப்படி விளக்கலாம் என்று மனத்துக்குள் ஒரு கதை தயாரித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது என்ற நம்பிக்கையில்!

"நோபடி ஆஸ்க் ஹிம்னு சொன்னீங்கல்லக்கா" என்றான். குரலில் கோபம் இல்லை. "ஏழு வருசம் ஆச்சு. அந்த அளவுக்குப் புரியும்க்கா."

நான் வேன் வரும் வழியைப் பார்த்தேன்.

"நீங்களே திருத்திச் சொல்லிருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அவரு கரெக்டான்னு கேட்டப்பக்கூட உங்களத்தான் பாத்தேன். அவங்க முன்னாடி நம்ம ரெண்டு பேரும் நீ பொய்யி, நான் பொய்யின்னு நின்னா நல்லாவா இருக்கும்? அதான் யெஸ்னு சொல்லிட்டேன்."

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "வேன் வந்துருச்சு" என்றேன்.

வேன் வந்திருக்கவில்லை. இன்னும் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடமும் இருவரும் அனலில் நின்றோம். திரும்ப மேலே போய், "நான் சொன்னது தவறு" என்று சொல்வதற்கு மின்தூக்கியில் ஒரு நிமிடம் போதும். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

கால் ஓரளவு ஆறும்வரை இங்கே வைத்திருந்தார்கள். பிறகு வேலை அனுமதியை முடித்து அனுப்பிவிட்டார்கள். அவன் கோப்பில், பாதுகாப்பு விதியை மீறித் தன்னிச்சையாக நடந்துகொண்டவர் என்று எழுதப்பட்டிருக்கிறது. அவன் வேறு நிறுவனத்தில் வேலை கேட்டபோது அவர்கள் எங்களுக்குத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார்கள். பதில் சொன்னது மனிதவளப் பிரிவு. அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. நொண்டிக்கொண்டு விமானம் ஏறினானாம். நான் வழியனுப்பப் போகவில்லை. அன்று எனக்கு வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

என்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அவன்மேலும் எனக்குக் கோபம்! ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு விளக்குப் படம் அனுப்புகிறான். "குடும்பத்தோட நல்லா இருங்கக்கா." இது என்ன? அன்பா, குத்தலா? திட்டேன் அய்யா! நாலு கெட்ட வார்த்தை எழுதேன்! ஒருநாளும் எழுதமாட்டான். நான் ஒரு கும்பிடு போட்ட படத்தை அனுப்பிவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைப்பேன். கால் எப்படி இருக்கிறது என்று மூன்று ஆண்டில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவானே.

காத்தோங் கோயிலில் அன்னதானத்துக்கு எழுதிக் கொடுத்தேன். சோறு பரிமாறும்போது ஒரு பெரியவர், "நல்ல மனசும்மா உனக்கு" என்றார். கரண்டியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். தெருவில் நின்று அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் படம் எங்கள் அலுவலக நடைவழியில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. விருந்தாளிக்கு இரண்டு பேர் தள்ளி நான். பின்னால் வெள்ளைவெளேர் என்று பனி. பார்க்கிறவர்கள் எல்லாம் அழகான படம் என்கிறார்கள். அந்தப் பனிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். தினமும் அதைத் தாண்டித்தான் கழிப்பறைக்குப் போகிறேன்.

நீங்கள் நினைப்பீர்கள்: இப்போதாவது போய் மேலாளரிடம் சொல்லலாமே? சொல்லலாம். அந்த மேலாளர் மாறிவிட்டார், ஆனால் கோப்பு இருக்கிறது, நான் இருக்கிறேன், அவனும் இருக்கிறான். ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நீங்கள் ஒன்றும் செய்யப் போவதில்லை என்பதால்தான்! படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவீர்கள். உங்களிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு செலவும் இல்லை. என் கோழைத்தனம் எவ்வளவு கணக்காக இடம் பார்த்து உட்காருகிறது, பாருங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் முடித்தால் இதுவும் ஒரு மொழிபெயர்ப்பாகிவிடும்.

பதவி உயர்வு வந்தது என்றேன் அல்லவா? என்ன பதவி தெரியுமா? பாதுகாப்புப் பயிற்சி! புதிதாக வரும் தமிழ் ஊழியர்களுக்கு மாதம் ஒருமுறை தமிழில் வகுப்பு எடுக்கிறேன். விசாரணையை நான் பொறுமையாகக் கையாண்ட விதம் அவர்களுக்குப் பிடித்திருந்ததாம். திரையில் படம் போட்டுச் சொல்லித் தர வேண்டும். ஏழாவது படம் செடிச்சுவர். அதில் ஓர் இடத்தில் சிவப்பு வட்டம். கீழே ஒரு வரி: "யாரும் சொல்லாமல் தானாக ஏறிய ஊழியர் விழுந்த இடம்." அந்த வரியை எழுதியவள் நான் இல்லை. ஆனால் மாதம் தவறாமல் அதை வாய்விட்டுப் படிப்பவள் நான்தான். ஒருமுறை சொன்ன பொய்யோடு நான் நிற்கவில்லை, தெரிகிறதா? அதைப் பாடமாகவே நடத்திக்கொண்டிருக்கிறேன்!

இதுவரை யாரும் அந்தப் படத்தைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. தலையாட்டுவார்கள், எட்டாவது படத்துக்குப் போய்விடுவேன்.

போன வாரம் ஒருவர் கையைத் தூக்கினார். நாற்பதைத் தாண்டியவர். கப்பல் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் வந்திருக்கிறார். முன்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு கேக்கலாங்களா மேடம்?"

"கேளுங்க."

"இவ்வளவு உசரத்துக்கு, வாரும் இல்லாம, தண்ணிப்புகை வர்ற நேரத்துல, யாரும் சொல்லாம ஒருத்தன் தானா ஏறுவானாங்க? நாங்க ஏறமாட்டோமே. ஏன் ஏறுனேன்னு அவரு என்னதான் சொன்னாரு?"

பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். அங்கே அதிகாரி இல்லை, மேலாளர் இல்லை. ஆங்கிலம் பேச வேண்டிய தேவை இல்லை. அவன் சொன்னதை அவன் சொன்ன மொழியிலேயே சொல்லிவிடலாம். மாற்ற வேண்டியதுகூட இல்லை! மூன்று ஆண்டுகளாக என் தொண்டையில் கிடக்கிற அதே வாக்கியங்கள். "அக்கா சொல்லித்தான் ஏறுனேன்" என்று ஆரம்பித்தால் மீதி தானாக வந்துவிடும்...

வாயைத் திறந்தேன்.

"அவரு ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன்.

எட்டாவது படத்தைப் போட்டேன்.

சொன்னான்! எல்லாவற்றையும் சொன்னான்! என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, என்னையும் காப்பாற்றிச் சொன்னான். அதைக் கேட்ட ஒரே ஆள் நான்.

அடுத்த வகுப்பு வரும் மாதம், புதன்கிழமை, காலை ஒன்பதரைக்கு. ஏழாவது படத்தை இன்னும் நான் நீக்கவில்லை.